முத்தட்டும் என்று விடலாமா? விழிலென்ஸின் புரதங்கள் சொல்லும் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் கலவைகளைப் பிரிக்கும் முறைகளை நடத்திக்கொண்டிருந்தேன். வடிகட்டுதல், மையவிலக்கு, வண்ணப்பிரிகை என்று கரும்பலகையில் எழுதி முடித்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், எங்க அம்மிச்சிக்குக் கண்ணுல பூ விழுந்துருச்சுங்க. அதையும் இப்படி வடிகட்டி எடுத்துருவாங்களா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் என்னிடம் விடையும் இல்லை. "நாளைக்குச் சொல்றேன், உட்காரு" என்றேன். தேர்வுப் பணி, பதிவேடு, வேறு வகுப்பு என்று அந்த 'நாளை' இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் அவள் நான்கு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபின் விசாரித்தேன்.

சோமனூரைச் சுற்றியுள்ள பல வீடுகளைப் போல அவர்கள் வீட்டிலும் விசைத்தறி ஓடுகிறது. அம்மிச்சிதான் தார் சுற்றுவார். வலக்கண்ணில் இரண்டு ஆண்டுகளாக வெள்ளை படர்ந்திருந்தது. "நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். "நோம்பி முடியட்டும்" என்று வீட்டிலும் தள்ளிப்போட்டார்கள். திடீரென்று ஒருநாள் கண் சிவந்து வலித்தது. தறிக்கூடத்துப் பஞ்சு விழுந்திருக்கும் என்று விளக்கெண்ணெய் விட்டார்கள். தலைவலியும் வாந்தியும் வந்தபின்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்குள் எட்டு நாள் ஆகிவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் வலி நின்றது. ஆனால் அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிற அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது.

"லென்ஸ்ல இருந்த புரதம் கண்ணுக்குள்ள இருக்கற தண்ணியில கசிஞ்சு, வடிகாலை அடைச்சிருச்சுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாள் அந்த மாணவி. புரதம் கண்ணின் நீரில் கசியுமா? கசிந்தது லென்ஸின் புரதம்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடிப் படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை. பிரித்தெடுத்தல், புரதங்கள், கண், ஒளியியல் என்று நாம் வெவ்வேறு வகுப்புகளில் நடத்தும் பாடங்கள் எல்லாம் இதில் ஒன்று சேருகின்றன.

பூ எங்கே விழுகிறது?

கண்ணின் மேல் வெள்ளையாக ஒரு தோல் வளர்வதுதான் கண்புரை என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். 'பூ விழுந்தது' என்ற சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது. உண்மையில் எதுவும் புதிதாக வளர்வதில்லை. பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸே தன் தெளிவை இழக்கிறது.

ஏறத்தாழ 9 முதல் 10 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. தடிப்பும் கொண்ட சிறு வில்லை அது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். மீதி பெரும்பாலும் புரதம். நம் உடலில் வேறெந்தத் திசுவிலும் புரதம் இவ்வளவு அடர்த்தியாக இல்லை. அந்த அடர்த்தியால்தான் லென்ஸால் ஒளியை வளைக்க முடிகிறது. இந்தப் புரதங்களுக்கு கிறிஸ்டலின்கள் என்று பெயர்.

அவ்வளவு புரதம் இருந்தும் லென்ஸ் எப்படிக் கண்ணாடி போல் இருக்கிறது? புரத மூலக்கூறுகள் கரைந்த நிலையில், நெருக்கமாகவும் சீராகவும் அமைந்திருப்பதே காரணம். அவை சிறியவை, ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவது மிகக் குறைவு. அவையே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் ஒளி சிதறும். லென்ஸ் வெள்ளையாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் கூழ்மங்களைப் பற்றிச் சொல்லும்போது நாம் காட்டும் டிண்டால் விளைவுதான் இது.

இன்னொரு செய்தி மாணவர்களை வியக்க வைக்கும். லென்ஸின் நார்செல்கள் முதிரும்போது தம் உட்கருவை இழந்துவிடுகின்றன. எனவே அவற்றால் புதிய புரதம் செய்ய முடியாது. லென்ஸின் நடுவில் உள்ள புரதங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. எழுபது வயதுப் பாட்டியின் லென்ஸ் நடுவில் இருப்பது எழுபது ஆண்டுப் பழைய புரதம். வெயிலின் புற ஊதாக் கதிர், நீரிழிவு, புகை, வயது என எல்லாவற்றின் பாதிப்பும் அதில் சேர்ந்துகொண்டே போகிறது; புதுப்பித்துக்கொள்ள வழியில்லை.

புரதங்களைப் பிரிப்பது எப்படி?

கிறிஸ்டலின்களில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று பெரிய வகைகள் உண்டு. 1894இலேயே ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் மோர்னர் மாட்டுக் கண்ணின் லென்ஸிலிருந்து புரதங்களைப் பிரித்து ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். மூன்று வகைகளையும் இன்று ஆய்வகத்தில் தனித்தனியாகப் பிரிப்பது வழக்கமான வேலை.

முதலில் லென்ஸைக் குளிர்ந்த நிலையில் உப்புக் கரைசலோடு சேர்த்து மசிப்பார்கள். அதை மையவிலக்குக் கருவியில் வேகமாகச் சுழற்றினால் கரையாத பகுதி அடியில் படியும். கரைந்த புரதங்கள் மேலே தெளிந்த நீரில் நிற்கும். அந்தத் தெளிவை ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் மேலிருந்து ஊற்றுவார்கள். குழாய் நிறைய மிகச் சிறிய மென்மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணியிலும் நுண்துளைகள் உண்டு.

இங்கேதான் மாணவர்கள் தவறாக ஊகிப்பார்கள். "சின்னது முதல்ல வரும், பெருசு சிக்கிக்கும்" என்பார்கள். சல்லடையில் அப்படித்தான். இந்தக் குழாயில் நடப்பது நேர்மாறு. பெரிய மூலக்கூறுகள் மணிகளின் துளைக்குள் நுழைய முடியாது. எனவே மணிகளுக்கு இடையில் நேராக ஓடி முதலில் வெளியேறும். சிறியவை ஒவ்வொரு துளைக்குள்ளும் புகுந்து புறப்பட்டுத் தாமதமாக வரும். சந்தை நாளில் லாரி மெயின் ரோட்டிலேயே நேராகப் போய்விடுகிறது. சைக்கிள்காரர் சந்து சந்தாக நுழைந்து வருகிறார் அல்லவா, அதுபோல.

மூலக்கூறின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வோம். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன். ஆல்ஃபா கிறிஸ்டலின் ஏறத்தாழ 8 லட்சம் டால்டன் எடையுள்ள கூட்டம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20,000 டால்டன் கொண்ட முப்பது நாற்பது அலகுகள் அதில் சேர்ந்திருக்கும். பீட்டா, இரண்டு முதல் எட்டு அலகுகள் வரை சேர்ந்த நடுத்தரக் கூட்டம். காமா, 20,000 டால்டன் அளவில் தனியாள். எனவே குழாயின் அடியில் முதலில் ஆல்ஃபா, அடுத்து பீட்டா, கடைசியில் காமா என்ற வரிசையில் சொட்டும். ஒவ்வொரு சொட்டும் நிறமற்றது. 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, எந்தச் சோதனைக்குழாயில் புரதம் இருக்கிறது என்று அறிவார்கள்.

இருபதாம் நம்பர் நூலும் நாற்பதாம் நம்பர் நூலும் கலந்து கிடந்தால் பாவு ஓட்ட முடியாது என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குத் தெரியும். ஆய்விலும் அப்படித்தான். கலவையாக இருக்கும்வரை எந்தப் புரதம் என்ன வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.

காவல் காக்கும் ஆல்ஃபா

அப்படித் தனியே பிரித்து வைத்துக்கொண்டதால்தான் 1992இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் ஹார்விட்ஸ் ஒரு முக்கியமான உண்மையைக் காட்ட முடிந்தது. மற்றப் புரதங்களைச் சூடாக்கினால் அவை கட்டியாகி வெள்ளையாகும். கூடவே ஆல்ஃபா கிறிஸ்டலினைச் சேர்த்தால் அவை கட்டியாவதில்லை. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ராமனும் மோகன் ராவும், 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆல்ஃபாவின் இந்தக் காக்கும் திறன் கூடுகிறது என்று 1994இல் எழுதினார்கள்.

பழுதான புரதத்தை ஆல்ஃபா திரும்பச் சரிசெய்துவிடுவதில்லை. அறுந்த இழையை முடிச்சுப் போடாவிட்டாலும், மற்ற இழைகளோடு சிக்கலாகாமல் தனியே பிடித்துவைப்பது போன்ற வேலை அது. ஆனால் புதிய ஆல்ஃபா உற்பத்தியாக வழியில்லை. நாற்பது வயதையொட்டி, லென்ஸின் நடுவில் கரைந்த நிலையில் இருக்கும் ஆல்ஃபா பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் பழுதாகும் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டிகளாகின்றன. கண்புரை முதுமையில் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கண்ணின் நீரில் கசிந்தால்...

கார்னியாவுக்கும் லென்ஸுக்கும் இடையே அக்குவஸ் ஹியூமர் என்ற தெளிந்த நீர்மம் இருக்கிறது. கண்ணின் முன்னறையில் அது ஏறத்தாழ கால் மில்லிலிட்டர்தான். ஒவ்வொரு நிமிடமும் சிறிதளவு சுரந்து, அதே அளவு வடிந்துகொண்டிருக்கும். கருவிழியின் ஓரத்தில் உள்ள மெல்லிய வலை போன்ற திசு வழியாக வடிகிறது. சுரப்பதும் வடிவதும் சமமாக இருந்தால் கண்ணின் அழுத்தம் சீராக இருக்கும்.

லென்ஸ் முற்றிப் பழுத்துவிட்டால் அதன் வெளிப்பகுதி கூழாகிறது. லென்ஸைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழியாமலேயே அந்தப் புரதம் கசிந்து இந்த நீர்மத்தில் கலக்கலாம். வடிகால் அடைபடும், சுரப்பது மட்டும் நிற்காது. அழுத்தம் ஏறும், கண் சிவக்கும், கடுமையாக வலிக்கும், பார்வை நரம்பு நசுங்கும். தறிக்கூடத்துச் சாக்கடையைப் பஞ்சு அடைத்தால் தண்ணீர் என்ன செய்யுமோ அதுதான்.

ஆனால் அடைப்பது எது? புரதத்தை உண்டு பருத்த வெள்ளையணுக்களே வலையை அடைக்கின்றன என்று முன்பு கருதினார்கள். இதைச் சோதிக்க அந்த நீர்மத்திலிருந்தே லென்ஸ் புரதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது எளிதல்ல. ஒரு கண்ணிலிருந்து கிடைப்பது ஓரிரு சொட்டுதான். நலமான கண்ணில் அந்நீர்மத்தின் புரத அளவு இரத்தத் திரவத்தில் இருப்பதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கண் அழன்றிருக்கும்போதோ இரத்தத்தின் அல்புமினும் உள்ளே கசிந்து கலந்துவிடும். எது லென்ஸிலிருந்து வந்தது, எது இரத்தத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிய வேண்டும்.

1978இல் அமெரிக்காவில் எப்ஸ்டைன், ஜெட்ஸினியாக், கிராண்ட் மூவரும் இத்தகைய நோயாளிகளின் கண்நீர்மத்தில் மிகப் பெரிய, ஆனால் கரைந்த நிலையில் உள்ள லென்ஸ் புரதம் இருப்பதைக் காட்டினார்கள். அதன் எடை 15 கோடி டால்டனுக்கும் மேல். சாதாரண ஆல்ஃபா கூட்டத்தைப் போல ஏறத்தாழ இருநூறு மடங்கு. தானமாகக் கிடைத்த கண்களின் வழியே அந்தப் புரதக் கரைசலைச் செலுத்தியபோது நீர்மம் வடிவது தடைப்பட்டது. வெள்ளையணுக்கள் இல்லாமலேயே புரதமே வடிகாலை அடைக்கும் என்பது தெளிவாயிற்று.

மாணவி சொன்ன மருத்துவரின் ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது.

மதுரைக் கணக்கு

இது எங்கோ நடப்பதல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் 1996இல் இந்தியக் கண் மருத்துவ இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஓராண்டில் 27,073 முதுமைக் கண்புரை அறுவைகள் நடந்தன. அவற்றில் 93 கண்களில், லென்ஸால் உண்டான கண் அழுத்த நோய் இருந்தது. 49 கண்களில் லென்ஸ் உப்பி வழியை அடைத்திருந்தது. 44 கண்களில் புரதம் கசிந்திருந்தது. வலி தொடங்கி ஐந்து நாட்களுக்கு மேல் தாமதித்தவர்களுக்குப் பார்வை சரியாகத் திரும்பாத வாய்ப்பு அதிகமாக இருந்தது.

ஆயிரத்தில் மூன்று நான்கு பேர்தான். யாரையும் பயமுறுத்த இந்த எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று பேரும் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது. அம்மிச்சிக்கு எட்டு நாள் ஆகியிருந்தது.

'முத்தட்டும்' என்ற சொல் மூடநம்பிக்கையில் பிறந்ததல்ல. பழைய அறுவை முறைகளின் காலத்தில் மருத்துவர்களே அப்படிச் சொன்னதுண்டு. இன்று அதற்குத் தேவை இல்லை. 1967இல் சார்லஸ் கெல்மன் அறிமுகப்படுத்திய முறையில், செவியுணரா ஒலியின் அதிர்வால் லென்ஸை நொறுக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள். அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். மதுரையிலேயே 1992 முதல் ஆரோலேப் குறைந்த விலையில் இந்த லென்ஸ்களைச் செய்துவருகிறது. முற்றிய லென்ஸை எடுப்பதுதான் இன்று கூடுதல் சிரமம்.

'வடிகட்டி எடுப்பாங்களா' என்ற கேள்வியில் பாதி உண்மை இருந்தது என்று அந்த மாணவியிடம் சொன்னேன். உறிஞ்சி எடுத்த நீர்மத்தைச் சேர்த்துவைத்து, அதிலிருந்து லென்ஸ் புரதங்களைப் பிரித்து ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வகுப்பறையில் செய்துபார்க்க

1. முட்டையும் தேங்காய் எண்ணெயும். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை அரை டம்ளர் நீரில் ஒரு சிட்டிகை உப்போடு கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். இரண்டு சோதனைக்குழாய்களில் எடுத்து, ஒன்றை மட்டும் கொதிநீரில் நிறுத்துங்கள். இரண்டிலும் டார்ச் ஒளியைச் செலுத்திப் பார்க்கட்டும். சூடானது பால் போலாகும். ஆறவைத்தாலும் தெளியாது. பக்கத்தில் தேங்காய் எண்ணெயைப் பனிக்கட்டியில் வைத்து உறையவிட்டுப் பிறகு சூடு காட்டுங்கள். அது தெளிந்துவிடும். "முதுமைக் கண்புரை இதில் எதைப் போன்றது?" என்று கேளுங்கள். எண்ணெயோ பாலோ இலைச்சாறோ கண்ணில் விட்டால் புரை ஏன் கரையாது என்பதை அவர்களே சொல்வார்கள். தொடக்கப்பள்ளியிலும் இதைச் செய்யலாம். கொதிநீரை ஆசிரியர் கையாள வேண்டும்.

2. சந்து விளையாட்டு. மைதானத்தில் பத்து மீட்டர் நீளத்துக்குச் சாலை ஒன்று வரையுங்கள். இருபுறமும் சிறிதும் பெரிதுமாகக் கட்டங்கள் போடுங்கள். எட்டுப் பேர் கைகோத்து ஒரு கூட்டம், மும்மூன்று பேராகச் சில கூட்டங்கள், மீதிப் பேர் தனியாள்கள். கட்டத்துக்குள் அடங்குகிறவர்கள் கட்டாயம் உள்ளே போய் ஐந்து எண்ணிவிட்டு வர வேண்டும். அடங்காதவர்கள் நேரே நடக்கலாம். ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். தொடங்கும்முன் யார் முதலில் வருவார்கள் என்று ஊகத்தை எழுதிவைக்கட்டும். எட்டுப் பேர் கூட்டம் முதலில் வந்து சேரும்போது வகுப்பில் எழும் வியப்பை நான் பார்த்திருக்கிறேன்.

3. வீட்டுக் கணக்கு. வீட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாட்காட்டித் தேதி தெரிகிறதா? பாவையில் வெள்ளை தெரிகிறதா? கடைசியாகக் கண்ணை எப்போது சோதித்தார்கள்? ஒரு கண் நன்றாகத் தெரிவதால் மறு கண்ணின் குறையை உணராதவர்கள் பலர். கண்ணை மூடிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். பெயர்களைப் பலகையில் எழுத வேண்டாம். குழந்தை நம்மிடம் மட்டும் சொன்னால் போதும்.

நாம் சொல்ல வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர் வரும்போதோ மூன்று செய்திகளைச் சொன்னால் போதும். கண்புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருந்தாலே மருத்துவரைப் பார்க்கலாம். புரையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இல்லை. வெள்ளை படர்ந்த கண் திடீரென்று சிவந்து, வலியோ தலைவலியோ வாந்தியோ வந்தால் அது பஞ்சு விழுந்ததல்ல. அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டம் 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இந்த அறுவையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

அம்மிச்சியின் இடக்கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது. இந்த முறை நோம்பிக்குக் காத்திருக்கவில்லை. அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து அந்த மாணவி சொன்னாள்: "இப்ப தார்ல நூல் அறுந்தா அம்மிச்சியே பார்த்துக்குதுங்க டீச்சர்."

இந்த ஆண்டு அதே பாடத்தைத் தொடங்கும்போது, வடிகட்டுதலுக்கு முன்பே அந்த மூன்று கேள்விகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். மறுநாள் ஏழு குழந்தைகள் என்னிடம் தனியாக வந்து பேசினார்கள்.